அக்கா தூங்கட்டும்

ரீசெட் செய்வது எனக்குப் பிடிக்காது. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற என் தொழிலில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். பிரிண்டர் ஓடவில்லையா, ரீசெட். இணையம் வரவில்லையா, அதற்கும் ரீசெட். ஒரு பல் வலிக்கிறது என்று போனவனுக்கு எல்லாப் பல்லையும் பிடுங்கி அனுப்புகிற வைத்தியம் அது. வீட்டுக்காரர்கள் அப்போதைக்குச் சந்தோஷமாக வழியனுப்புவார்கள். மறுநாள்தான் வேறு நாலு விஷயம் ஓடாமல் போனது தெரியவரும், திட்டிக்கொண்டே எனக்குப் போன் செய்வார்கள்.

நான் நிதானமாக உட்கார்ந்து தேடுகிறவன். ஃபயர்வால் என்பது கம்ப்யூட்டரின் வாசலில் நிற்கிற காவல்; அவ்வளவுதான். யாரை உள்ளே விடலாம், யாரைத் தடுக்கலாம் என்று அதனிடம் விதிகள் இருக்கும். எந்த விதி வழியை மறிக்கிறதோ அதை மட்டும் கண்டுபிடித்து எடுத்தால் போதும். நானே புதிதாக ஒரு விதி போட்டால் அதற்கு ஒழுங்காகப் பெயர் வைப்பேன். எனக்குப் பிறகு வருகிற ஆள் பார்த்தாலும் இது எதற்கு என்று புரிய வேண்டும். அக்கா கற்றுக்கொடுத்த பழக்கம் அது. சமையலறை டப்பாக்களில்கூடப் பெயர் ஒட்டி வைப்பாள்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். நான் ஆரம்பத்திலிருந்துதான் சொல்கிறேன்.

அம்மா போனபோது நான் சின்னவன். அக்காதான் என்னை வளர்த்தாள். அதனால் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, அப்புறம்தான் அத்தானைக் கட்டிக்கொண்டாள். நானும் அவர்களோடே வந்துவிட்டேன். பின்பக்க அறை எனக்கு. அதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை, தானாக நடந்தது. அத்தான் நல்ல மனிதர். கேலிப் பேச்சு மட்டும் கொஞ்சம் தூக்கல். என் வேலை என்ன என்று கேட்டவரிடம் ஒருமுறை நான் வாசல், காவல் என்று விளக்கப் போக, அன்றிலிருந்து என் பெயர் வாட்ச்மேன் ஆகிவிட்டது.

"நம்ம வாட்ச்மேன் சாப்பிட்டாச்சா?" என்பார் அக்காவிடம், நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது. அக்கா சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

பிறகு அவருக்கு அந்த நோய் வந்தது. தசைகள் ஒவ்வொன்றாகச் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகிற நோய். முதலில் கால், அப்புறம் கை, கடைசியில் மூச்சு. பேச்சு மட்டும் மெலிந்த குரலில் மிஞ்சியது, கேலியும் அதோடு மிஞ்சியது. படுத்தால் முகத்தில் மாஸ்க் மாட்டி, மூச்சு இயந்திரத்தை ஓடவிட வேண்டும். மாஸ்க் நழுவினால் அவரால் கையைத் தூக்கிச் சரிசெய்துகொள்ள முடியாது. அதனால் விரலில் ஒரு கிளிப். அது ரத்தத்தில் இருக்கிற ஆக்சிஜனை அளந்து, கட்டிலுக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அளவு இறங்கினால் கம்ப்யூட்டரிலிருந்து அக்காவின் செல்போனுக்குச் செய்தி போய் மணி அடிக்கும். வீட்டில் அந்த ஏற்பாட்டுக்கே 'மணி' என்றுதான் பெயர். இதையெல்லாம் அமைத்துக் கொடுத்தவன் நான்தான். கம்ப்யூட்டரிலேயே சத்தம் வரும்படிதான் முதலில் வைத்திருந்தேன். காதுக்குள் ஆம்புலன்ஸ் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று அத்தான் சொன்னதால் அதை நிறுத்திவிட்டேன். இது அவர் கேட்டுச் செய்தது. குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த மணி அக்காவைப் படுத்திய பாடு உங்களுக்குத் தெரியாது. கிளிப் கொஞ்சம் விலகினாலும் அடிக்கும், விரல் சில்லிட்டாலும் அடிக்கும். முன்னறையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பாள். அடித்ததும் அரக்கப் பரக்க ஓடுவாள். பாதி நேரம் அங்கே ஒன்றும் இருக்காது. திரும்பி வந்து ஊசியில் நூல் கோர்ப்பதற்குள் மறுபடி அடிக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் ஒட்டி, என் அக்கா வேறு யாரோ மாதிரி ஆகிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மதியம் நான் வெளி வேலை முடித்து வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. மிஷின் சத்தம் இல்லை. அக்கா பாயில் படுத்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்படித் தூங்கி நான் பார்த்தே எவ்வளவோ காலமாகியிருந்தது. அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மணி ஏன் ஒருமுறைகூட அடிக்கவில்லை என்று உறைத்தது.

அத்தானுக்கு ஒன்றும் ஆகவில்லை; நன்றாகவே இருந்தார். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். காலையில் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. புதுப்பித்த பிறகு, 'இந்த நிரலை அனுமதிக்கலாமா?' என்று ஒரு பெட்டி காட்டியிருக்கிறது. அக்கா ஏதோ விளம்பரம் என்று நினைத்து 'வேண்டாம்' என்பதை அமுக்கியிருக்கிறாள். உடனே ஃபயர்வால் மணிக்கு ஒரு தடை விதியைப் போட்டுவிட்டது. பழைய அனுமதி விதியும் பக்கத்திலேயே இருந்தது. அனுமதி, தடை இரண்டும் இருந்தால் தடைதான் ஜெயிக்கும். தடையை எடுத்தேன். மணி அடித்தது. வேலை முடிந்தது.

அக்காவிடம் சொன்னபோது அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "அய்யோ, நான் அமுக்கினதாலயா? அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா நான்தானேடா கொன்னிருப்பேன்!"

"ஒண்ணும் ஆகலையேக்கா. விடு."

"இனிமே மணி ஓடுதா இல்லையான்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

அது நல்ல கேள்வி. செல்போனில் மணியின் படத்துக்கு ஓரத்தில் ஒரு புள்ளி இருக்கும். தொடர்பு இருந்தால் பச்சை, அறுந்தால் சாம்பல். யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் இனி அந்தப் புள்ளியையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பாள், தைப்பதும் போய்விடும், சாப்பிடுவதும் போய்விடும் என்று நினைத்தேன்.

"நான் இருக்கேன்லக்கா," என்றேன்.

அதற்குப் பிறகு நான் மதிய வேலைகளைக் குறைத்துக்கொண்டேன். "நீ போய்ப் படுக்கா, அத்தானை நான் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். கதவைச் சாத்திக்கொள்வேன், எங்கள் பேச்சு அவள் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாதே. சில நாள் அப்படியும் மணி அடித்து அவள் ஓடி வந்துவிடுவாள். பக்கத்திலேயே ஒருத்தன் உட்கார்ந்திருக்கும்போது அந்த மணி எதற்கு? யோசித்துப் பாருங்கள், நியாயம்தானே. நானே கைப்பட ஒரு தடை விதி போட்டேன். முன்னறையில் மிஷின் சத்தம் நின்றால் அக்கா படுத்துவிட்டாள் என்று அர்த்தம். நின்றதும் விதியை இயக்குவேன். அவள் எழுந்து வருவதற்குள் அணைத்துவிடுவேன். நடுவில் மாஸ்க் நழுவினால் என் கையால் நானே சரிசெய்வேன். பல முறை செய்திருக்கிறேன்.

வழக்கப்படி அந்த விதிக்கும் பெயர் வைத்தேன். 'அக்கா தூங்கட்டும்.'

கொஞ்ச நாளிலேயே அவள் முகம் தெளிந்துவிட்டது. தலை பின்னிக்கொண்டு பாட்டுக்கூட முணுமுணுத்தாள். "என் தம்பி மட்டும் இல்லேன்னா நான் என்னிக்கோ படுத்திருப்பேன்," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அத்தானுக்கு அந்த விதி தெரியுமா என்று கேட்டீர்கள். அவருக்கு எதிரில்தான் திரை இருந்தது. "வாட்ச்மேன், என்னய்யா அடிக்கடி தட்டறே?" என்று ஒருமுறை கேட்டார். பராமரிப்பு என்றேன். "எனக்கா, பெட்டிக்கா?" என்றார். அவர் அப்படித்தான், எதையாவது கேட்டுவிட்டுத் தூங்கிவிடுவார்.

இடையில் இன்னொன்று நடந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் ஏற்கெனவே அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். அத்தானின் தங்கை வீட்டில் கீழ்த்தளம் காலியாக இருந்தது. படியில்லை, சக்கர நாற்காலி நேராக உள்ளே போகும், ஆஸ்பத்திரியும் பக்கம். அங்கே போய்விடலாம் என்று அவர்கள் இரண்டு பேரும் முடிவு செய்திருக்கிறார்கள். அக்கா என்னிடம் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தாளாம். ஒரு மதியம் அத்தானே சொன்னார்.

"அங்க ஒரே ரூம்தான் இருக்கு. நீயும் தனியா ஒரு இடம் பாத்துக்கோ. எத்தனை காலத்துக்குத்தான் அக்கா விரலைப் பிடிச்சுக்கிட்டே நடப்பே? உனக்கும் ஒரு வாழ்க்கை வேணாமா?"

"அக்கா என்ன சொல்றா?"

"சரின்னுதான் சொன்னா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாளா அழுதுக்கிட்டிருக்கா."

சரி என்றேன். நான் கோபப்படவில்லை. அவர் தண்ணீர் கேட்டார், உறிஞ்சுகுழாய் வைத்துக் கொடுத்தேன். அக்காவிடமும் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே வந்து சொல்லட்டும் என்று இருந்தேன். அவள் வந்து சொல்லவேயில்லை. அது எனக்கு வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். டப்பாவுக்கெல்லாம் பெயர் ஒட்டுகிறவள் இதை மட்டும் ஒட்டாமல் வைத்திருந்தாள்.

அந்த மதியத்துக்கு வருகிறேன்.

அக்காவுக்கு ஒரு விடுதியிலிருந்து திரைச்சீலை ஆர்டர் வந்திருந்தது. முன்னறை முழுக்கத் துணி. சாப்பிட்டதும் அத்தானுக்கு மாஸ்க் மாட்டினேன். காதோரம் பட்டை அழுத்திப் புண்ணாகியிருந்தது. "கொஞ்சம் தளர்த்தி விடவா அத்தான்?" என்று கேட்டேன். தலையசைத்தார். கேட்டுத்தான் செய்தேன். அக்காவை வழக்கம்போலப் போய்ப் படுக்கச் சொன்னேன். கதவைச் சாத்தினேன். திரையில் விதிகளின் பக்கத்தைத் திறந்து, என் விதியை இயக்கினேன். ஜன்னலில் வெயில் அடித்ததால் திரையைச் சற்றுத் திருப்பி வைத்தேன்.

அவர் தூங்கிப்போனார். தூக்கத்தில் தலை ஒருபக்கம் சாய்ந்தது. மாஸ்க் மூக்கிலிருந்து கன்னத்துக்கு நழுவியது. காற்று உஸ்ஸென்று வெளியே போகிற சத்தம் கேட்டது. நான் நழுவ வைக்கவில்லை. அது தானாக நழுவியது.

திரையில் எண் இறங்க ஆரம்பித்தது. முதலில் மெதுவாகத்தான். பிறகு எண்ணைச் சுற்றியிருந்த கட்டம் மஞ்சளாகி, அப்புறம் சிவப்பாயிற்று. ஓரத்தில் மணியின் படம் இப்படியும் அப்படியும் ஆடியது. கம்ப்யூட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. செய்தியைத் தயாராக வைத்துக்கொண்டு, அக்காவின் போன் வந்து வாங்கிப் போகட்டும் என்று காத்திருந்தது. போனும் வந்து வந்து கேட்டிருக்கும். வாசலில்தான் விதி நின்றது.

அத்தான் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் திரையைப் பார்த்தார், நான் திருப்பி வைத்திருந்ததால் அவருக்குத் தெரிந்திருக்காது. மறுபடி என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. இத்தனை வருஷமாக என்னை வாட்ச்மேன் என்றே கூப்பிட்டவர், அன்றைக்கு "மச்சான்" என்றார். சத்தம் வரவில்லை. உதட்டிலிருந்து தெரிந்துகொண்டேன்.

"நான் இங்கதான் இருக்கேன் அத்தான்," என்றேன்.

பொய் இல்லை. கடைசி வரைக்கும் அங்கேயேதான் இருந்தேன். என் கைக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் ஒரு போர்வை மடிப்புதான் இருந்தது. அவர் தனியாகப் போகவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஒரு ஆறுதல்.

எல்லாம் அடங்கியதும் மாஸ்க்கைச் சரியாக மாட்டி, பட்டையைப் பழைய அளவுக்கு இழுத்தேன். பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தேன். என் விதியை மட்டும் எடுத்திருக்கலாம். பட்டியலில் எது என்னுடையது என்று கண்ணுக்கே தட்டுப்படவில்லை. அப்போதுதான் வாழ்க்கையிலேயே முதன்முறையாக அந்தப் பொத்தானை அமுக்கினேன். 'எல்லா விதிகளையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவா.' நிச்சயமா என்று கேட்டது. ஆம் என்றேன். அதன் பிறகுதான் கதவைத் திறந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

தூக்கத்தில் போய்விட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். டாக்டரும் எதிர்பார்த்ததுதான் என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அக்கா, "மணி ஏன் அடிக்கலை, மணி ஏன் அடிக்கலை," என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும். உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு அவளைத் தனியாக உட்காரவைத்தேன்.

"அந்தப் பெட்டி மறுபடி வந்துச்சாக்கா? வேண்டாம்னு அமுக்கினியா?"

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தெரியலையேடா... காலையில அவருக்குத் துடைச்சு விடறப்ப திரையில என்னமோ வந்துச்சு... அமுக்கினேனோ?"

"நான் பாத்துட்டேன். எல்லாத்தையும் ரீசெட் பண்ணிட்டேன். இனி யாருக்கும் தெரியாது. நமக்குள்ளேயே இருக்கட்டும்."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பாருங்கள், அப்படி ஓர் அழுகை. "உனக்கு எப்படிடா கைம்மாறு செய்வேன்?" என்றாள். அதற்குப் பிறகு அத்தானின் தங்கை வீட்டைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அவள் தைப்பதை நிறுத்திவிட்டாள். நான் சமைத்து, தட்டில் போட்டுக் கொண்டுபோய் வைப்பேன். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். சின்ன வயதில் அவள் எனக்குச் செய்ததையெல்லாம் நான் அவளுக்குத் திருப்பிச் செய்தேன். நான் எங்கே போனாலும் எப்போது வருவாய் என்று கேட்பாள். பழி அவள் மேல் விழாமல் காப்பாற்றினேன் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

மூச்சு இயந்திரத்தைத் திரும்ப எடுத்துப்போக, அதை வாடகைக்குத் தந்த கம்பெனியின் ஆள் வந்த அன்று நான் வீட்டில் இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து பதிவுகளை எடுக்கப் பார்த்தாராம், அவர் கருவியால் உள்ளே நுழைய முடியவில்லை. ஃபயர்வால் ரீசெட் ஆகியிருக்கிறதே, யார் செய்தது என்று கேட்டிருக்கிறார். அதுவரைக்கும் மனசிலேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்த அக்கா அவரிடம் போய்க் கொட்டிவிட்டாள். நான்தான் அமுக்கினேன், தம்பி எனக்காக மறைத்தான் என்று. அதோடு விடவில்லை. தான் எப்போது அமுக்கினோம் என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறாள். தன் புருஷனைத் தான் எந்த நேரத்தில் கொன்றோம் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"ரீசெட் பண்ணா விதிங்கதாம்மா போகும். என்ன நடந்துச்சுங்கற பதிவு போகாது," என்று சொல்லியிருக்கிறார் அவர்.

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் ரீசெட் செய்ததேயில்லையே. அது எதையெல்லாம் விட்டுவைக்கும் என்று எனக்குப் பழக்கமில்லை. அடிக்கடி செய்கிற அந்த அரைகுறைகளில் ஒருவனாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்தப் பதிவில் அன்றைக்குப் பெட்டி எதுவும் வந்ததாக இல்லை. அக்கா எதையும் அமுக்கவில்லை. கைப்பட எழுதிய ஒரு தடை விதி இயக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது. அதன் பெயரை அந்த ஆள் வாய்விட்டுப் படித்திருக்கிறார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அக்கா என் அறைக் கதவில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. "அது என்னடா, அக்கா தூங்கட்டும்?" என்று மட்டும் கேட்டாள். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு, ஒட்டிப்போன கன்னம், அன்றைக்குப் பாயில் அவள் தூங்கிய தூக்கம் எல்லாம் சொன்னேன். உனக்காகத்தான் என்றேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு செல்போனை எடுத்து உங்களைக் கூப்பிட்டாள்.

ஆமாம், அத்தானை நான்தான் கொன்றேன். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஏன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். எனக்காக நான் எதுவும் செய்துகொள்ளவில்லை. என் அக்காவுக்கு ஒரு பொட்டுத் தூக்கம் கிடைக்கட்டும் என்றுதான் அந்த விதியைப் போட்டேன். அதன் பெயரே அதற்குச் சாட்சி.

ஒரே ஒரு கேள்விதான் பாக்கி என்றீர்கள். அன்றைக்கு நான் அந்த விதியை இயக்கியபோது அக்கா தூங்கிக்கொண்டிருந்தாளா என்று கேட்கிறீர்கள்.

இல்லை. திரைச்சீலையை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும் என்று அவள் படுக்கப் போகவில்லை. நான் கதவைத் திறந்து கூப்பிடுகிற வரைக்கும் முன்னறையில் மிஷின் சத்தம் நிற்கவேயில்லை.